ஏற்கனவே டிகிரி இருக்கா? நர்சிங் படிக்க பணம் கிடைக்குமா? கைகொடுக்கும் வழிகள், கைவிடும் திட்டங்கள்: முழு விவரம்

மதுரை:

பி.ஏ., பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையிலும், ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையிலும் சொற்ப சம்பளத்துக்கு நிற்கும் பெண்கள் மதுரையில் ஏராளம். கோரிப்பாளையம் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இருந்து கே.கே.நகர், அண்ணாநகர் தனியார் ஆஸ்பத்திரிகள் வரை நர்சுகளுக்கு எப்போதும் கிராக்கி இருக்கிறது. இதைப் பார்க்கும் பலருக்கும் வரும் எண்ணம் ஒன்றுதான். "பேசாம நர்சிங் படிச்சிருக்கலாமே!"

இப்போதும் படிக்கலாம். ஆனால் பணம்?

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. "முதல் பட்டதாரி சலுகை இருக்கு, ஸ்காலர்ஷிப் இருக்கு, எல்லாம் வந்துரும்" என்று புரோக்கர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். காலேஜில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்த சலுகைகளில் பல முதல் படிப்புக்கு மட்டும்தான் என்று. அடுத்த பீசுக்கு கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாகி விடுகிறது.

எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு திறக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்து கொண்டால் இந்த சிக்கல் வராது.

முதலில் இதைப் பாருங்க: நீங்கள் எந்த ரகம்?

"இரண்டாவது படிப்பு" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. பண உதவி கிடைப்பது இந்த வித்தியாசத்தைப் பொறுத்துதான்.

முதல் ரகம், பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டம் முடித்துவிட்டு புதிதாக நர்சிங்குக்கு வருபவர்கள். இவர்கள் 4 வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும். அதற்கு ப்ளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ப்ளஸ்-2 மார்க் அடிப்படையில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக்குழு கவுன்சிலிங் நடத்துகிறது. காலேஜில் வாங்கிய பி.ஏ. மார்க் இதற்கு உதவாது.

ப்ளஸ்-2வில் ஆர்ட்ஸ் குரூப் படித்தவர்களுக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. ஜி.என்.எம். எனப்படும் 3 வருட டிப்ளமோவுக்கு மட்டும் இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிகள் மற்ற குரூப்காரர்களையும் அனுமதிக்கின்றன. வயது வரம்பும் உண்டு. விண்ணப்பம் வாங்கும் முன்பே அந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது ரகம், ஏற்கனவே ஜி.என்.எம். முடித்து நர்சாக வேலை பார்ப்பவர்கள். இவர்கள் 4 வருடம் படிக்கத் தேவையில்லை. 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்' என்ற 2 வருட படிப்பு போதும். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலை பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வு வைத்து 3 வருட படிப்பாக இதை நடத்தி வந்திருக்கிறது. இக்னோவின் மண்டல மையம் மதுரையிலேயே இருப்பதால், இந்த வருட சேர்க்கை பற்றி அங்கேயே விசாரிக்கலாம்.

ஜி.என்.எம். என்பது டிப்ளமோ, பட்டம் அல்ல. அதனால் போஸ்ட் பேசிக் படிப்பவருக்கு அதுதான் முதல் பட்டம். உதவித்தொகை அலுவலகத்தில் "இரண்டாவது படிப்பு" என்று தட்டிக்கழித்தால், இந்த ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கைவிரிக்கும் திட்டங்கள்

பட்டம் முடித்தவர்கள் எந்தெந்த பணத்தை நம்பி கணக்குப் போடக்கூடாது?

* முதல் பட்டதாரி சலுகை: 2010-11ம் கல்வியாண்டு முதல், பட்டதாரியே இல்லாத குடும்பத்தில் இருந்து ஒற்றைச்சாளர கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேருபவருக்கு டியூஷன் பீசை தமிழக அரசு ஏற்கிறது. பி.ஏ. முடித்த பெண் தன் குடும்பத்தில் ஏற்கனவே பட்டதாரி ஆகிவிட்டார். பி.ஏ. படிக்கும்போது சலுகை எதுவும் வாங்கவில்லை என்று வாதாடினாலும் பலன் இல்லை.

* எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2½ லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாத விதி இன்னொன்று இருக்கிறது. ஒரு நிலை படிப்பை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் எடுத்துப் படித்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்து பி.காம். சேருவதையே உதாரணமாகக் காட்டி விதியில் எழுதியிருக்கிறார்கள். பி.ஏ.வுக்குப் பிறகு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாலும் இந்த விதி குறுக்கே வரும்.

* வட்டி மானியம்: கல்விக் கடனுக்கு படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10ல் வந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.4½ லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான். அதுவும் முதல் இளநிலை பட்டத்துக்கோ, இல்லாவிட்டால் முதுநிலை படிப்புக்கோ மட்டும்தான். இரண்டாவது இளநிலை பட்டம் இதில் அடங்காது.

* புதுமைப்பெண்: அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் இந்த திட்டம் 2022 செப்டம்பர் 5ந்தேதி தொடங்கியது. பள்ளி முடித்து உயர்கல்விக்குள் நுழையும் பெண்களை மனதில் வைத்து வந்த திட்டம் இது. இரண்டாவது பட்டத்துக்கு இதை நம்பி பட்ஜெட் போடக்கூடாது.

கைகொடுக்கும் வழிகள்

அப்படியானால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

1. அரசு இடம்: இதைவிட பெரிய உதவித்தொகை கிடையாது. மதுரை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரி போன்ற அரசு கல்லூரிகளில் கட்டணம், தனியாரோடு ஒப்பிட்டால் கொசுறு மாதிரிதான். தனியார் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வாங்கும் கட்டணம் வேறு, மேனேஜ்மெண்ட் இடத்துக்கு வாங்கும் கட்டணம் வேறு. ப்ளஸ்-2 மார்க் சுமாராக இருந்தாலும் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்காமல் விடக்கூடாது.

2. ராணுவ நர்சிங்: கல்யாணம் ஆகாத, வயது குறைந்த பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ராணுவ ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் இலவசம். தங்கும் இடம், சாப்பாடு, மாத உதவித்தொகையும் உண்டு. அதற்கு நீட் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ்-2வை முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். படித்து முடித்ததும் ராணுவ நர்சிங் பணியில் சேருவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்.

3. முன்னாள் படைவீரர் பிள்ளைகள்: உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பக்கம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் அதிகம். பிரதமர் கல்வி உதவித்தொகை திட்டத்தில் பெண்களுக்கு மாதம் ரூ.3,000, ஆண்களுக்கு ரூ.2,500 தரப்படுகிறது. இதில் விதி "முதல் தொழிற்கல்வி பட்டம்" என்பதுதான். பி.ஏ. தொழிற்கல்வி இல்லையே! எனவே பி.ஏ. முடித்து நர்சிங் சேரும் முன்னாள் படைவீரரின் மகள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

4. தொழிலாளர் நல வாரியங்கள்: அப்பா கொத்தனாரா, ஆட்டோ டிரைவரா? அம்மா தையல் தொழிலாளியா? அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை உண்டு. சாதாரண டிகிரியை விட தொழிற்கல்விக்கு தொகை கூடுதல். மில், கம்பெனி, கடைகளில் வேலை பார்த்து சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி பிடித்தம் செய்யப்படுபவர்களுக்கு, தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் தனியாக உதவித்தொகை தருகிறது. முழு பீசுக்கும் இது போதாது. ஆனால் யூனிபார்ம், புத்தகச் செலவு கழியும். வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இப்போதே புதுப்பிப்பது நல்லது.

5. அரசு கழகக் கடன்: சிறுபான்மையினருக்கு டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, ஆதிதிராவிடருக்கு தாட்கோ என்று தனித்தனி கழகங்கள் உள்ளன. இவற்றின் கடன் திட்டங்களில் பேங்கைவிட வட்டி குறைவு. வருமான வரம்பு உண்டு. கலெக்டர் ஆபீசில் உள்ள அந்தந்த நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

6. பேங்க் கல்விக் கடன்: இரண்டாவது பட்டம் படிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு கடைசியில் கைகொடுப்பது இதுதான்.

பேங்கில் என்ன கேட்கலாம்? என்ன கேட்கக்கூடாது?

"ஏம்மா, ஏற்கனவே பி.ஏ. படிச்சிருக்கே. அப்புறம் எதுக்கு கடன்?" என்று கிளையில் கேட்டால் மனம் தளர வேண்டியதில்லை. வட்டி மானியம்தான் இரண்டாவது பட்டத்துக்கு இல்லை. கடனே கிடையாது என்று விதி இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக் கடன் திட்டத்தில், நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் டிகிரியும் டிப்ளமோவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாணவருக்கு வயது வரம்பும் அதில் கிடையாது.

அந்த திட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

ரூ.4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். கல்யாணம் ஆன பெண்ணுக்கு கணவர் கையெழுத்துப் போடலாம். ரூ.7½ லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது.

டியூஷன் பீஸ் மட்டுமல்ல, ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், புத்தகம், யூனிபார்ம் செலவையும் கடனில் சேர்க்கலாம். காலேஜில் வாங்கும் கட்டண விவரச் சான்றில் இவை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. அதன்பிறகு 15 வருடம் வரை அவகாசம் உண்டு.

"உங்க ஏரியா எங்க கிளையில வராது" என்று கல்விக் கடனை மறுக்கக்கூடாது என ரிசர்வ் வங்கி 2012ல் உத்தரவிட்டுள்ளது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாக "இல்லை" என்றால் அது நிராகரிப்பே ஆகாது.

விண்ணப்பத்தை 2015ல் தொடங்கிய வித்யாலட்சுமி இணையதளத்திலோ, 2022ல் வந்த ஜன் சமர்த் இணையதளத்திலோ பதிவு செய்தால் அத்தாட்சி இருக்கும். ஒரே பேங்கை நம்பாமல் வேறு பேங்கிலும் முயற்சி செய்யலாம்.

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். சேரும் காலேஜ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. முதல் பட்டத்துக்கு வாங்கிய கல்விக் கடன் பாக்கி நின்றால் இரண்டாவது கடன் சிக்கலாகிவிடும். பாக்கியை ஒழுங்குபடுத்திய பிறகே புதிய விண்ணப்பம் போட வேண்டும். ஒழுங்காக கட்டி வருபவர்கள் அதே பேங்கில் கூடுதல் கடன் கேட்கலாம்.

வட்டி எப்படி ஏறுகிறது? ஒரு கணக்கு

மேலூர் பக்கம் ஒரு கொத்தனார் வீட்டுப் பெண் பி.ஏ. முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேருவதாக வைத்துக் கொள்ளலாம். உதாரணத்துக்கு வருடத்துக்கு ரூ.75 ஆயிரம் வீதம் 4 வருடத்துக்கு ரூ.3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம்.

வட்டி மானியம் இல்லை. படிக்கும் 4 வருடம், அதற்குப் பிறகு ஒரு வருடம் எதுவுமே கட்டவில்லை என்றால், தனி வட்டி மட்டும் ரூ.1 லட்சத்து 5 ஆயிரம் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும்போது கடன் ரூ.4 லட்சத்து 5 ஆயிரம். 10 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் ரூ.5,350 வரும்.

அதே பெண்ணின் அப்பா வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால்? முதல் வருடம் மாதம் ரூ.625தான். 4வது வருடத்தில் ரூ.2,500. இப்படி செய்தால் தவணை தொடங்கும்போது கடன் ரூ.3 லட்சமாகவே நிற்கும். மாதத் தவணை சுமார் ரூ.3,965 ஆகக் குறையும். படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்கு ஒரு சதவீத வட்டிச் சலுகை தரவும் வங்கிகள் சங்க திட்டத்தில் இடம் உண்டு.

இதே கட்டணத்தில் ஜி.என்.எம். முடித்த நர்சு போஸ்ட் பேசிக் படித்தால் 2 வருடத்துக்கு ரூ.1½ லட்சம்தான் கடன். எதுவும் கட்டாமல் விட்டாலும் வட்டி ரூ.37,500தான் ஏறும். "நாலு வருஷமா, ரெண்டு வருஷமா" என்பது இவ்வளவு பெரிய வித்தியாசம்.

இந்த வலைகளில் விழாதீங்க

கந்துவட்டி: சேர்க்கைக் கட்டணத்துக்கு அவசரமாக மீட்டர் வட்டிக்கு வாங்கி, பேங்க் கடன் வந்ததும் அடைத்துவிடலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. பேங்க் பணம் நேராக காலேஜ் கணக்குக்குத்தான் போகும், கைக்கு வராது. எனவே இடம் உறுதியான அன்றே பேங்கில் விண்ணப்பித்துவிட வேண்டும். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இருக்கிறது. மிரட்டினால் போலீசில் புகார் செய்யலாம்.

ஆறு மாத நர்சிங்: பஸ் ஸ்டாண்டு சுவர்களில் "6 மாதத்தில் நர்சிங், உடனடி வேலை" என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அந்த சர்டிபிகேட்டை வைத்து தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் அரசு வேலையும் இல்லை, வெளிநாட்டு வேலையும் இல்லை. பணம் கட்டும் முன் காலேஜுக்கு கவுன்சில் அங்கீகாரமும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உதவித்தொகையுடன் பயிற்சி: மதுரையில் 1976ல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமத்துப் பெண்களை ப்ளஸ்-2 முடித்ததும் சேர்த்து உதவித்தொகையுடன் 2 வருடம் பயிற்சி கொடுத்து வேலையும் தருவது ஊரறிந்த விஷயம். நல்ல வாய்ப்புதான். ஆனால் அது கண் மருத்துவ உதவியாளர் பயிற்சி, நர்சிங் பட்டம் அல்ல. இரண்டையும் குழப்பிக் கொள்ளக்கூடாது.

சர்டிபிகேட் பிணை: "பீசை நாங்க கட்டுறோம், முடிச்சுட்டு எங்க ஆஸ்பத்திரியிலயே இருக்கணும்" என்று சில இடங்களில் ஒப்பந்தம் போடுவார்கள். எத்தனை வருடம், என்ன சம்பளம், நடுவில் விலகினால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை பிணையாகக் கொடுக்கவே கூடாது. கல்விச் சான்றிதழ் என்பது சந்தைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

கையில் இருக்க வேண்டிய சான்றுகள்

10ம் வகுப்பு, ப்ளஸ்-2, டிகிரி அல்லது ஜி.என்.எம். மார்க் ஷீட்டுகள், கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, காலேஜ் கட்டண விவரச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கைக்கு வர நாளாகும். கவுன்சிலிங் அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

யாரிடம் முறையிடுவது?

பேங்கில் இழுத்தடித்தால் முதலில் கிளை மானேஜரிடமும், பிறகு மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அடுத்தது, மதுரை மாவட்டத்தின் முன்னோடி வங்கியான கனரா வங்கியின் மாவட்ட மானேஜர். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்தும் நாளில் போனால் எல்லா பேங்க் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம்.

30 நாளில் பேங்க் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். முதல்-அமைச்சரின் உதவி மைய எண் 1100.

இரண்டாவது பட்டத்துக்கு சலுகை குறைவுதான். அதனால் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் கவுன்சிலிங்கில் அரசு ஒதுக்கீட்டு இடம், அடுத்து வாரிய உதவித்தொகை, மீதிக்கு மட்டும் பேங்க் கடன். புரோக்கரிடம் அட்வான்ஸ் கட்டிவிட்டு பணம் தேடினால், மகள் வெள்ளை யூனிபார்ம் போடும் முன்பே வீட்டுப் பத்திரம் அடகுக் கடைக்குப் போய்விடும்.